மரத்த உதடு

உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு இடப்பட்ட வேலை அது ஒன்றுதான். பாளையங்கோட்டையின் இந்தப் பல் மருத்துவமனையில், அறுவை அறையை அடுத்த நீண்ட கூடத்தில், சன்னலோரக் கட்டிலில் என் பேத்தி ஆதிரை மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் கிடக்கிறாள். வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்தின் கீழே ஒரு பச்சைத் துணியை மடித்துச் செருகியிருக்கிறார்கள். மேல்வரிசை முன்பற்கள் நான்கும், கீழே இடக் கடைவாயில் இரண்டும் இப்போது அவளிடம் இல்லை. நாலரை வயதுக் குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து இத்தனையையும் எடுக்க முடியாது என்று முழு மயக்கம் கொடுத்தார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே ஈறில் மரக்கும் ஊசியும் போட்டார்கள், விழித்ததும் வலிக்கக் கூடாது என்று. அதை எனக்கு விளக்கியவள் நர்ஸ் பொன்செல்வி. "ஆச்சி, பல்லு எடுத்த எடத்துல வலி தெரியாது. ஆனா ஒதடும் நாக்கும் சேந்து மரத்திருக்கும். அது தன் ஒதடுன்னே பிள்ளைக்குத் தெரியாது. என்னமோ வாயில கிடக்குன்னு மென்னுரும். நீங்க வேற ஒண்ணும் செய்ய வேண்டாம், ஒதட்ட மட்டும் பாத்துக்கிடுங்க." பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொன்ன தொனியில் சிறிது எரிச்சலும் இருந்திருக்கும். மகளிர் கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அளவுக் குழாயிலிருந்து அமிலம் சொட்டுச் சொட்டாக இறங்க, கீழே குடுவையின் இளஞ்சிவப்பை எந்த ஒரு சொட்டு அழிக்கிறதோ அந்தச் சொட்டைத் தவறவிடாமல் பிடிக்க எத்தனையோ ஆண்டு மாணவிகளுக்குக் கண்ணைப் பழக்கியவள். ஒரு குழந்தையின் உதட்டைப் பார்த்துக்கொள்ள எனக்குச் சொல்லித்தர வேண்டுமா. என் மருமகள் பிரபா கட்டிலின் அந்தப் பக்கம் நின்று குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அத்தை, நான் ஒரு போன் பேசிட்டு வந்திருதேன். ரீஜினல் ஆபீஸுக்கு இன்னைக்குள்ள பதில் சொல்லணும்." போ என்று தலையசைத்தேன். அவள் என்ன பதில் சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தலையசைத்தேன்.

உதடு அசையவில்லை. கீழுதட்டின் இடப்பக்கம் மட்டும் சற்றே தடித்து, ஈரமாகத் தொங்குகிறது, வேறு யாருடையதையோ கொண்டுவந்து ஒட்டியதுபோல. வேண்டாம் என்று சொல்லப் போகிறாள். வங்கியில் பன்னிரண்டு ஆண்டு உழைத்து, இரண்டு முறை தேர்வெழுதி, மூன்றாம் முறை வாங்கிய பதவி உயர்வு. தேனிக் கிளைக்கு மேலாளர். செய்தி வந்த அன்று வெட்கமும் சிரிப்புமாக என்னிடம்தான் முதலில் சொன்னாள், என் மகனிடம்கூடப் பிறகுதான். அவன் புனேயில் இருக்கிறான், மாதம் ஒருமுறை வருவான். "போ, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அப்போதும் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அப்புறம் ஆதிரை ஓர் இரவு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுதாள். டார்ச் அடித்துப் பார்த்தால் கடைவாயில் கறுப்பு. முன்பற்கள் பின்புறம் அரித்துத் தகடாகி இருந்தன. எப்படிப் பார்க்காமல் போனோம் என்று பிரபா கேட்டாள். போனோம் என்றுதான் சொன்னாள் முதலில். இரண்டு நாளில் அந்தச் சொல் போனேன் என்று மாறியது. "என் பிள்ளை வாய்க்குள்ள என்ன இருக்குன்னு பாக்காதவ, நான் எங்க போயி ஒரு பிராஞ்சைப் பாக்க, அத்தை? வேண்டாம். கிளார்க்கா இருந்திருந்தாக்கூட அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்திருப்பேன்." அவள் அதைச் சொல்லும்போது நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முதிர்ந்த தண்டுகளை எல்லாம் ஒடித்து ஒடித்து ஒரு பக்கம் சேர்த்தேன். ஒரு சொல் போதும் அந்த நேரத்தில். அந்தச் சொல் வாயில் இருந்தது. வாய் என்னுடையதாக இல்லை.

அடுத்த கட்டிலில் யாரோ விம்முகிறார்கள். குழந்தை அல்ல, தகப்பன். மணல் லாரி வைத்திருப்பவராம், வாசலில் வண்டியை நிறுத்த இடம் கேட்டுக் காவலாளியிடம் சண்டை போட்ட அதே ஆள். மீசையும் தோளுமாகப் பெரிய உடம்பு. அவர் மகள் விழித்துக்கொண்டு அவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறாள். பொன்செல்வி சொல்கிறாள்: "அண்ணாச்சி, பிள்ளை செவனேன்னு கிடக்கு. நீங்க என்னத்துக்கு அழுதிய?" "இல்ல தாயி, அது அப்பான்னு கூப்புடுது, அதுக்கு வாய் கோணிக்கிட்டுல்லா போவுது." "ஊசி வேகம் அண்ணாச்சி, சாயங்காலம் சரியாயிரும். நீங்க இப்படி அழுதா பக்கத்துல ஒங்களுக்கும் ஒரு கட்டில் போடணும்." குழந்தை குளறிச் சிரிக்கிறது. இந்த மனிதர் தன் உள்ளங்கையை அதன் மோவாயில் தாங்கிப் பிடித்தபடி, மூக்கைத் தோளில் துடைத்துக்கொள்கிறார். பொது இடத்தில் அழும் ஆண்களை எனக்குப் பிடிக்காது, பெண்களையும். அழுகை என்பது தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் ஒரு வழி. என் கணவர் இறந்தபோது மூன்றாம் வாரமே வகுப்புக்குப் போனேன், கரும்பலகையில் கோடு நேராக வந்தது. அதைச் சொல்லிக்காட்டிய இடங்கள் பல. இப்போது ஏன் அது நினைவுக்கு வர வேண்டும். ஆதிரையின் உதடு லேசாக அசைகிறது. கனவில் எதையோ சப்புகிறாள் போலிருக்கிறது. எதையோ என்ன, எதை என்று எனக்குத் தெரியாதா.

வெள்ளைச் சீனி எங்கள் வீட்டில் வாங்குவதே இல்லை என்றேன் டாக்டரிடம். அது உண்மை. எங்கள் வீட்டில் சீனி டப்பா இல்லை என்பது என் தெருவுக்கே தெரியும். வருகிறவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பிதான். அந்தப் பெண் டாக்டர், ஜெனிபா என்று பெயர், என் கடைசி மாணவிகளின் வயதுதான் இருக்கும், ஆதிரையின் வாய்க்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்: "ராத்திரி தூங்கப் போறப்ப வாயில என்ன இருக்கும்?" பிரபா பதறிப்போய்ச் சொன்னாள்: "ஒண்ணும் இருக்காது டாக்டர். புட்டிய ரெண்டு வயசுலயே நிப்பாட்டியாச்சு. நான்தான் பேங்க்ல இருந்து வரும்போது எப்பவாவது சாக்லேட்டு... சனிக்கிழமை மட்டும்..." "சனிக்கிழமை சாக்லேட்டுக்கு இப்படி ஆகாதும்மா. இது தினம் ராத்திரி, ரொம்ப நேரம் வாயில ஊறிக்கிட்டே கிடந்தாத்தான் வரும். அதுவும் பாருங்க, இடது பக்கம்தான் ரொம்ப அதிகம்." சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. பெரியவர்களிடம் ஒரு விவரம் கேட்கும் பார்வை. நான் முதுகை நிமிர்த்திக்கொண்டு, வகுப்பில் பேசும் குரலில், அந்த உண்மையைச் சொன்னேன். வெள்ளைச் சீனி எங்கள் வீட்டில் வாங்குவதே இல்லை. ஒவ்வொரு சொல்லும் சரியானது, மொத்தமும் பொய். எத்தனை மாணவிகளின் செய்முறை நோட்டில் இதே தந்திரத்தைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன்: கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், கேட்காத ஒன்றைப் பிழையில்லாமல் எழுதி வைப்பது. பிரபா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கன்னத்தில் சூடு ஏறுவதை நான் பக்கவாட்டில் இருந்து பார்த்தேன். டாக்டரும் அதைப் பார்த்துவிட்டு, சரி, இனிமேல் கவனமாக இருங்கள் என்று அவளிடம் சொன்னாள். அவளிடம்.

பனங்கற்கண்டு சீனி இல்லை. அதாவது நான் அப்படி நினைத்ததில்லை, நினைக்காமல் இருந்தேன். பன்னிரண்டு கார்பன், இருபத்திரண்டு ஹைட்ரஜன், பதினொரு ஆக்சிஜன். கரும்பில் எடுத்தாலும் பனையில் எடுத்தாலும் சுக்ரோஸ் சுக்ரோஸ்தான். வாயில் இருக்கும் நுண்ணுயிர் அதைத் தின்று அமிலம் விடும், அமிலம் பல்லின் கால்சியத்தைக் கரைக்கும், உமிழ்நீர் குறையும் தூக்கத்தில் இன்னும் வேகமாகக் கரைக்கும். இதை நான் சுண்ணக்கட்டியால் எழுதி விளக்கியிருக்கிறேன். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், கருப்பட்டி ஒடம்புக்கு நல்லதுன்னு எங்க ஆச்சி சொல்லுவாங்களே" என்றாள். "சோதனைக் குழாய்க்கு உங்கள் ஆச்சியைத் தெரியாது, உட்கார்" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. அன்று மாலை வீட்டுக்குப் போய்க் கருப்பட்டி போட்டுக் காப்பி குடித்தேன், சீனியைவிட நல்லது என்ற நினைப்பு ஒரு துளியும் குறையாமல். கல்லூரி வாசலைத் தாண்டியதும் ஒரு மூளையைக் கழற்றி வைத்துவிட்டு அடுக்களைக்கு வேறொரு மூளையோடு போகிறவளாகவே முப்பது ஆண்டுக்கு மேல் இருந்திருக்கிறேன். சளிக்கு நல்லது, தொண்டைக்கு நல்லது, சூட்டைத் தணிக்கும் என்று என் தாயார் எங்களுக்குக் கொடுத்தார். இருக்கட்டும். அறியாமை என்று இதை முடித்துவிடலாம் என்றால் எனக்குச் சற்று ஆறுதலாகவே இருக்கும். படித்த அறியாமை என்று சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் நான் குழந்தையின் தொண்டைக்காகவா கொடுத்தேன்.

புட்டியை நிறுத்திய வாரம் ஆதிரை இரவெல்லாம் அழுதாள். பிரபா தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் அறைக்குமாக நடந்தாள், பாடினாள். அவளுக்குச் சுருதி சேராது, ஆனாலும் பாடினாள். குழந்தை இன்னும் அழுதது. நான் என் அறையிலிருந்து எழுந்து வந்து, "கொடு இங்கே" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டேன். சிறிது நேரத்தில் வீடு அமைதியானது. மறுநாள் காலை பிரபா என்னைப் பார்த்த பார்வையில் வியப்பும் தோல்வியும் இருந்தன. எனக்கு அது இனித்தது. அன்றிலிருந்து குழந்தை என் அறையில் படுத்தாள். "என்னிடம் மூச்சு விடமாட்டாள். குழந்தைக்குத் தெரியும், யாரிடம் பிடிவாதம் செல்லும், யாரிடம் செல்லாது என்று." அண்டை வீட்டில் சொன்னேன், சம்பந்தி வீட்டில் சொன்னேன், பிரபா காப்பி கலந்துகொண்டிருக்கையில் அவள் முதுகுக்குக் கேட்கும்படியும் சொன்னேன். கண்டிப்பு என்று அதற்குப் பெயர் வைத்தேன். தலையணைக்கு அடியில் ஒரு சிறிய எவர்சில்வர் சம்புடம். மூடியைத் திறக்க வேண்டியதுகூட இல்லை. லேசாக ஒரு குலுக்கு, உள்ளே கற்கண்டு கலகலக்கும், இருட்டில் ஒரு சின்ன வாய் திறக்கும். என் பக்கமாகத் திரும்பிப் படுப்பதால் இடக் கன்னம்தான் கைக்கு வாகு. ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு கட்டியை ஒதுக்கி வைப்பேன். கடிக்கக் கூடாது, சத்தம் வரக் கூடாது, தானாகக் கரையட்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். நல்ல மாணவி, அப்படியே செய்தாள். இடது பக்கம்தான் ரொம்ப அதிகம். என் விரல் வைத்த இடத்தை அந்தப் பெண் டாக்டர் தன் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டாள், யாருடைய விரல் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. என் சொல்லுக்கு ஒரு குழந்தை கட்டுப்படுகிறது என்று நான் ஊருக்கெல்லாம் காட்டிய அதிகாரம் கற்கண்டின்மேல் நின்றது. அதை எடுத்துவிட்டால் நானும் பிரபாவைப்போல இரவெல்லாம் கூடத்தில் நடந்திருப்பேன், நானும் சுருதி சேராமல் பாடியிருப்பேன்.

உதடு மறுபடி அசைகிறது, உள்ளே மடிந்து மடிந்து வெளியே வருகிறது. பால்குடியின் பழக்கம் தூக்கத்தில் திரும்பும் என்று எங்கோ படித்திருக்கிறேன். கூடத்தின் கதவுக்கு வெளியே பிரபாவின் குரல் கேட்கிறது. "ஆமா மேடம், செல்வபிரபாதான் பேசுதேன், பாளையங்கோட்டை மெயின் பிராஞ்ச். சார்கிட்ட ஒரு நிமிஷம்... மீட்டிங்லயா? சரி மேடம், லைன்லயே இருக்கேன்." இன்னும் சொல்லவில்லை. எழுந்து போகலாம். பத்தடி தூரம். எழுந்து போய் அவள் கையைப் பிடித்து, சொல்லாதே, நீ காரணம் இல்லை, நான்தான் என்று சொல்ல முழங்கால் வலியைத் தவிர எனக்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் உதட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களே, விட்டுவிட்டு எப்படிப் போவது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடமை எவ்வளவு சௌகரியமான நாற்காலி. என் மகன் அன்று போனில் பேசியதும் இப்படி ஒரு நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தபோதுதான். பிரபா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "எங்கம்மா கையில வளந்தேன், எனக்கு ஒரு பல்லு சொத்தை உண்டா? நீ உக்காந்து யாருக்கு லோன் குடுக்கலாம், யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு பாரு. பிள்ளை வாயி பொக்கையாப் போகட்டும்." பிரபா ஸ்பீக்கரை அணைத்தாள். அந்தச் சில நொடி என் நெஞ்சில் என்ன இருந்தது என்று நேர்மையாகப் பார்த்தால் பரிதாபம் இல்லை, பயம்கூட இல்லை. எங்கம்மா கையில வளந்தேன் என்றானே, அந்தப் பெருமை இருந்தது. அன்று இரவும் ஆதிரை என் பக்கம் திரும்பி இருட்டில் வாயைத் திறந்தாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அதே இரவு. இன்று நிறுத்தினால் அழுவாள், அழுதால் பிரபா எழுந்து வருவாள், ஏன் இன்றைக்கு உங்களிடமும் அழுகிறாள் என்று கேட்பாள். கொடுத்தேன். வலக் கன்னத்தில் வைத்தேன். வலக் கன்னத்தில் வைத்தேன் என்பதை ஒரு முன்னெச்சரிக்கையாகவே நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

இப்போதும் அந்தச் சம்புடம் என் மடியில் இருக்கிறது. கைப்பைக்குள், கைக்குட்டைக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவில். காலையில் புறப்படும்போது எடுத்து வைத்தேன். யாரும் பார்க்கவில்லை. வெறும் வயிற்றோடு கூட்டிவர வேண்டும், தண்ணீர்கூட இன்ன நேரத்துக்குப் பிறகு கூடாது என்று சொல்லியிருந்ததை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினேன். குழந்தை கேட்டபோதும் கொடுக்கவில்லை. விதிகளை மீறுகிறவள் அல்ல நான். ஆனால் மயக்கம் தெளிந்து குழந்தைகள் மிகவும் அழும், யாரையும் அடையாளம் தெரியாமல் கையைக் காலை உதைக்கும் என்று மயக்க டாக்டர் சொன்னபோது ஒரு காட்சி கண்முன் வந்தது. பிரபா தூக்குகிறாள், அழுகை நிற்கவில்லை. நர்ஸ் தூக்குகிறாள், நிற்கவில்லை. நான் தூக்குகிறேன், நிற்கிறது. இத்தனை பேர் பார்க்க நிற்கிறது. அதற்காக எடுத்து வைத்தேன். ஆறு பற்களைப் பிடுங்கிய ரத்தம் காயாத வாய்க்குள், பற்களைத் தின்ற அதையே கொண்டுபோய் வைக்க, நான், எம்.எஸ்ஸி., எம்.ஃபில். இதைவிடக் கீழே போக முடியுமா என்று நினைக்கிறேன், நினைக்கும்போதே அந்த நினைப்பிலும் ஒரு செருக்கு இருக்கிறது, தன்னைத் தானே தண்டிக்கத் தெரிந்தவள் என்ற செருக்கு. வெட்கம்கூட எனக்கு ஒரு பட்டயம்போல் ஆகிவிடுகிறது. மயக்க டாக்டர் இன்னொன்றும் சொன்னார். மரக்கும் ஊசி வேண்டாம் என்று சொல்கிற டாக்டர்களும் உண்டாம். வலி இருந்தால் குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்றாவது தெரியும், மரத்துப்போனால் வாய் இருந்த இடத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் அதற்குப் பயந்து அழும் என்பது அவர்கள் கட்சி. "ரெண்டுலயும் நியாயம் இருக்கும்மா. நாங்க வலி வேண்டாம்னு போட்டிருக்கோம். மரப்பு வடியுற வரைக்கும் பக்கத்துல ஆள் இருந்தாப் போதும்." ஆள் இருக்கிறேன். இருக்கிறேனா. வலி இருந்தால் எங்கே என்றாவது தெரியும். மூன்று வாரமாகப் பிரபாவுக்கு எங்கே என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது, அவள் வலியை அவள் தொட்டுக் காட்டுகிறாள், போனேன் என்கிறாள், என் தப்பு என்கிறாள். எனக்குத்தான்—

"யம்மா! ஏ யம்மா! பிள்ளை வாயைப் பாருங்க, ரத்தம்லா வடியுது!" லாரிக்காரர். எழுந்து நிற்கிறார், அவர் விரல் என் கட்டிலை நோக்கி நீண்டிருக்கிறது. நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். என் கண் முழு நேரமும் அந்த உதட்டின்மேல்தான் இருந்தது. பச்சைத் துணியில் முதலில் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம், அதற்குள்ளே அடர்ந்த சிவப்பாக இன்னொன்று. கீழுதட்டின் இடப்பக்கம் கோரைப்பற்களின் நடுவே மடிந்து கிடக்கிறது, நிதானமாக, எந்தக் கோபமும் இல்லாமல், தானாகக் கரையட்டும் என்று சொல்லிக் கொடுத்ததை மறந்து, ஆதிரை அதை மென்றுகொண்டிருக்கிறாள். நிறம் மாறிய சொட்டைத் தவறவிட்டேன். பொன்செல்வி ஓடிவந்து மோவாயைப் பிடித்து உதட்டை விடுவித்தாள்; உட்பக்கம் தோல் கிழிந்து வெளுத்துத் தொங்கியது. "என்ன ஆச்சி, பாத்துக்கிடுதேன்னு சொன்னியளே!" "சொன்னேன்" என்றேன். வேறென்ன சொல்ல. தொட்டதும் ஆதிரை தூக்கம் கலைந்து, கண்ணைத் திறக்காமலேயே வீறிட்டாள்; வார்த்தை வரவில்லை, வாயில்லாத இடத்திலிருந்து ஒரு கேவல். அந்தச் சத்தத்துக்குப் பிரபா போனைக் காதிலிருந்து எடுக்காமலே உள்ளே ஓடிவந்தாள். துணியைப் பார்த்தாள். "ஐயோ சிஸ்டர், என் தப்பு சிஸ்டர், நான் வெளிய போயிருக்கக் கூடாது. அத்தைக்கு வயசாச்சு, அவங்களை உக்கார வச்சுட்டு நான் போனேன் பாருங்க. என் தப்புதான்." மறுபடியும். என்னைப் பார்க்கக்கூட இல்லை, பார்க்காமலேயே என் பங்கையும் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "தப்பு இருக்கட்டும், தொடைக்க ஒரு சுத்தமான துணி குடுங்க" என்றாள் பொன்செல்வி. கைக்குட்டை இருக்கிறது என்று கைப்பையைத் திறந்தேன். அவசரத்தில் இழுத்தேன். சம்புடம் புரண்டது. உள்ளே கற்கண்டு கலகலத்தது.

அழுகை நின்றது. பிரபாவின் கைக்கு நிற்காதது, நர்ஸின் கைக்கு நிற்காதது, நான் கண்முன் பார்த்த காட்சி எழுத்துப் பிசகாமல் நடந்தது. மூடிய கண்ணோடு ஆதிரை தலையை என் பக்கம் திருப்பினாள். வாயைத் திறந்தாள். முன்வரிசையில் பஞ்சும் ரத்தமும், கடைவாயில் இரண்டு குழி, கிழிந்த உதடு. அத்தனையையும் அகலத் திறந்து, இடக் கன்னத்தை எனக்கு வாகாகக் காட்டிக்கொண்டு, காத்திருந்தாள். பிரபா அந்த வாயைப் பார்த்தாள். பிறகு என் பையைப் பார்த்தாள். "அது என்ன சத்தம், அத்தை?" மாத்திரை என்று சொல்லியிருக்கலாம், அந்தச் சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, பிழையில்லாமல். சம்புடத்தை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்தேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். "எவ்வளவு நாளா?" "புட்டியை நிறுத்தியதிலிருந்து." "ராத்திரியா?" "ராத்திரி." "பல்லு விளக்குன பிறகா?" "பிறகு." வாய்மொழித் தேர்வில் மாணவி பரிசோதகர் முன் நிற்பதுபோல் நின்றேன், உட்கார்ந்தபடியே. அவள் குரல் உயரவில்லை. "டாக்டர் கேட்டாங்களே அத்தை. நேருக்கு நேரா உங்களைப் பாத்துக் கேட்டாங்களே." அவள் ஒரு கட்டியை எடுத்து விரலில் உருட்டினாள், வெளிச்சத்தில் அது தேன் நிறமாக மின்னியது. "நான் பாடுறது பிடிக்காமத்தான் என்கிட்ட அழுதான்னு நெனைச்சேன்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள். அதுதான் என்னை எட்டியது. பற்கள் விழுந்து முளைக்கும், ஆறேழு வயதில் வேறு வரிசை வரும். ஒரு தாய் இரண்டரை வருடம் தன் குரலை வெறுத்திருக்கிறாள்.

இதற்குள் லைன் எப்போதோ அறுந்திருந்தது; இப்போது அவள் கையில் போன் அதிர்ந்தது. பெயரைப் பார்த்தாள். வெளியே போகவில்லை, அங்கேயே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தாள். "சொல்லுங்க சார். ஆமா சார், நான்தான் கூப்பிட்டேன்." சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "இல்ல சார், வேண்டாம்னு சொல்லக் கூப்பிடலை. தேனிக்குப் போறேன் சார். ஒண்ணாம் தேதி ஜாயின் பண்ணிருதேன்... குடும்பமா? பிள்ளை என்கூட வாரா சார். என் பிள்ளை மட்டும்." கடைசிச் சொற்களை மெதுவாகவே சொன்னாள். தீர்ப்பு சரி. இதில் ஒரு மதிப்பெண்கூடக் கூட்டிக் கேட்க எனக்கு இடமில்லை. போனை வைத்துவிட்டுக் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, அத்தனை பேர் நடுவில் பாட ஆரம்பித்தாள், சுருதி சேரவில்லை. லாரிக்காரர் மறுபடியும் அழுதார். ஆதிரை வாயை மூடவில்லை, இன்னும் என் பக்கம் திறந்தபடியே இருந்தாள், வரும் என்ற நம்பிக்கையோடு; வராமல் போகவே மெல்ல மெல்ல மூடி, மறுபடியும் உதட்டைத் தேடினாள். பொன்செல்வி என்னிடம் ஒரு சல்லாத் துணியை நீட்டினாள். "இதை விரல்ல சுத்தி, பல்லுக்கும் ஒதட்டுக்கும் நடுவுல வச்சுக்கிடுங்க. இப்பவாவது வேற நெனைப்பு இல்லாம பாருங்க, ஆச்சி." விரலில் சுற்றி, நான் நன்கு அறிந்த அந்த இடத்தில், ஈறுக்கும் கன்னத்துக்கும் பக்கத்தில் வைத்தேன். ஆதிரை கடித்தாள். இனிக்கவில்லை என்று இன்னும் அழுத்திக் கடித்தாள். அவள் உதடு மரத்திருந்தது. என் விரல் மரத்திருக்கவில்லை.